பரவாயில்லைக்கு எத்தனை?

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

போனில் கேட்டால் "பரவால்லடி, வை" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். என் ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டது! தீராத முதுகுவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு மூச்சோடு சேர்ந்த மெதுவான அசைவுப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும். ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையைக் காலி செய்து பாய் விரித்தாயிற்று. "கைய கால ஆட்டுனா வலி போயிடுமா?" என்று பெரிய டாக்டர் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

கூடப்பிறந்தவள் என்பதால் உன்னை ஆய்வில் சேர்க்க முடியாது. ஆனால் பார்லரில் நாள் முழுக்க நின்று முடிவெட்டும் உன் முதுகை விடுவேனா? பயிற்சியை என் குரலில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. இப்போது எத்தனை?

உன் வாலு

ஜூன் 15

என் வாலுக்கு,

"மூச்சு முதுகுக்குப் போகட்டும்" என்கிறாயே, மூக்கில் போனது முதுகுக்கு எந்த வழியாகப் போகும்? உனக்குப் பட்டம் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் கடையைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன் நின்று தினமும் செய்கிறேன். உன் மாமா பார்த்துவிட்டு, "யாருக்கு இந்த டான்ஸு?" என்றார். அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டேன்.

வலி பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூலை 20

அக்கா,

எண்ணைக் கேட்டால் பரவாயில்லையா? இங்கேயும் இதே கூத்துதான். முதல் நாள் பாதிப் பேர் "பரவால்லம்மா" என்றார்கள். அதற்கு மூன்று போடச் சொல்லிவிட்டேன்.

இப்போது மறுபடி எண் கேட்டுக் கணக்கெடுத்தேன். மருந்துக்காரர்கள் மூன்றிலேயே இருக்க, பயிற்சி செய்தவர்களின் வலி ஏறியிருக்கிறது! "நிறுத்திடலாம்மா" என்கிறார் பெரிய டாக்டர். அதை முடிவு செய்ய அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டம். ஆனால் குனியவே முடியாமல் வந்த லாரி டிரைவர் இன்று தானே குனிந்து செருப்பு மாட்டினார். முதல் நாள் மூன்று போட்ட அவர் போய் இப்போது ஆறு என்கிறார்! ஒன்றும் புரியவில்லை.

உனக்கு எத்தனை? எண் வேண்டும்.

வாலு

ஜூலை 27

வாலு,

ஐந்து. பதறாதே. ஜூனில் பரவாயில்லை என்று எழுதினேனே, அது ஒன்பது. பொய் சொல்லவில்லையடி, வாய்க்குப் பழகிவிட்டது. "உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்று உன் பதிவில் வருகிறது. கேட்கக் கேட்க அந்தப் பரவாயில்லை வாயில் வரமாட்டேன் என்கிறது.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் முதுகு பிடித்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எட்டிப் பார்க்கவில்லை. வேலை என்றாய். பரவாயில்லை என்றேன். அது பத்து. இன்றைக்கும் எட்டு.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா! என் அக்கா!

அந்த லாரி டிரைவரைக் கூப்பிட்டு, "அன்னைக்குப் பரவால்லன்னீங்களே, அது எத்தனை?" என்று கேட்டேன். "பத்துதாம்மா. சொன்னா வண்டி ஓட்டக் கூடாதுன்னுடுவீங்களோன்னு பயம்" என்றார்! உன்னைப் போலவே பயிற்சி செய்தவர்கள் நிஜ எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், மருந்துக்காரர்கள் இன்னும் பரவாயில்லையிலேயே இருக்கிறார்கள்.

பழைய எண்களைத் திருத்தக் கூடாது, அது ஏமாற்று. பரவாயில்லைக்கு மூன்று போட்டது என் மடத்தனம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் குனிவதையும் நடப்பதையும் தனியாக அளந்திருந்தோம். அதில் பயிற்சிக்காரர்கள்தான் முன்னால்! ஆய்வைப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒப்புக்கொண்டார் பெரிய டாக்டர். "இனிமே பரவால்லன்னா விடாதீங்க, நம்பர் வாங்குங்க" என்று அவரே சத்தம் போடுகிறார்!

உன் எட்டுக்குக் கடிதம் போதாது. படித்துவிட்டு அழுதேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வாசலிலேயே வைத்துத் திட்டு.

வாலு

ஆகஸ்ட் 12

என் வாலுக்கு,

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து கண்ணாடி முன் நின்றேன். நீ முதுகில் கை வைத்துக் காட்டினாயே, அங்கே மூச்சு போகத்தான் செய்கிறது. உன் பட்டம் செல்லும்.

முதுகு நான்கு. அந்த எட்டு, இரண்டாகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிடு. உன்னைத் திட்டுவதற்கு எனக்கும் ஏதாவது மிச்சம் வேண்டாமா?

அக்கா