ஒத்துழைப்பு குறைவு

பிப்ரவரி 3

மாடி ஏறும்போது பாதியிலேயே நின்றுவிட்டாள். அப்படி மூச்சு வாங்கியது. என் மனைவி பஸ் ஓட்டுபவள். வலியையும் வேடிக்கையாகத்தான் சொல்வாள். "இன்ஜின் ஓடுது, இழுக்கத்தான் மாட்டேங்குது" என்றாள்.

இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. அறுவைசிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு ஏனோ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள். கேட்டால் "பார்க்கலாம்."

பிப்ரவரி 6

நோயாளி கேட்டால் ஆஸ்பத்திரியில் ஃபைலின் நகலைத் தருகிறார்களாம். இவள் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். அவள் தம்பி என்னை போனில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அக்காவை அதைப் படிக்க விடாதீங்க. நோயை விட பயமே ஆளைத் தின்னுடும்."

எனக்கும் அதே எண்ணம்தான். இவளிடம் சொன்னேன்.

"என் உடம்பைப் பத்தி ஆஸ்பத்திரிக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?" என்றாள்.

பிப்ரவரி 7

சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புரியாத சொல்லையெல்லாம் கைபேசியில் தேடினாள். நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

போய்ப் பார்த்தேன். விரலை ஒரு வரியில் வைத்திருந்தாள். 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை. ஒத்துழைப்பு குறைவு. அறுவைசிகிச்சை இப்போதைக்கு வேண்டாம்.'

"நான் ஒத்துழைக்காதவளாம்ங்க."

என்ன தெரியும் அவங்களுக்கு? கால் வீக்கம் வத்தக் கொடுத்த அந்த நீர் மாத்திரையைப் போட்டா கொஞ்ச நேரத்துலயே ஒண்ணுக்கு முட்டும். பஸ் நிறைய ஆளை வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நிறுத்திட்டு எங்க போவா? அதான் வேலை நாள்ல போடறதில்லை. ஏன் போடலைன்னு யாரும் கேக்கலை. இவளும் கூச்சப்பட்டுச் சொல்லலை.

பிப்ரவரி 8

இவள் தூங்கவில்லை. அழவும் இல்லை.

பிப்ரவரி 12

மருத்துவர் எங்களைவிட வயதில் சிறியவர். இவள் அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"டாக்டரம்மா, இது நிஜம்தான். மாத்திரையை விட்டிருக்கேன். ஆனா ஏன் விட்டேன்னு இதுல இல்லையே."

அவர் முகம் இறுகியது. "அது டாக்டருங்க எங்களுக்குள்ள எழுதிக்கிறதும்மா."

"எழுதியிருக்கிறது என்னைப் பத்தித்தானே?"

இவள் குரலில் கோபமே இல்லை. வழி கேட்பவருக்கு வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சொல்லுங்க. ஏன்?"

சொன்னாள். எல்லாவற்றையும்.

"இதை நான்தான் கேட்டிருக்கணும்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். புதிதாக எழுதி, கணினித் திரையை இவள் பக்கம் திருப்பினார். "சரியா இருக்கான்னு படிங்க."

ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "'கூச்சத்தால் சொல்லவில்லை'ன்னு இருக்கே, அதை எடுத்துடுங்க. கூச்சம் இன்னையோட போச்சு."

மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

பிப்ரவரி 28

கால் வீக்கம் வற்றிவிட்டது. செருப்பு நுழைகிறது.

மார்ச் 19

அறுவைசிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மச்சான் வந்திருந்தான். பழைய பக்கத்தையும் டாக்டர் புதிதாக எழுதியதையும் நின்றபடியே படித்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இதையெல்லாம் அக்கா நேர்லயே கேட்டாளா மாமா?"

"கேட்டா."

ஏதோ நானே கேட்டதுபோல் எனக்குப் பெருமை!

"பயமா இல்லையாக்கா?"

"இருக்குடா. ஆனா எதுக்குப் பயப்படறேன்னு இப்பத் தெரியும்."

ஏப்ரல் 9

முடிந்தது. கண் திறந்தாள்.

ஆகஸ்ட் 21

இன்று மறுபடி வண்டி எடுத்தாள். எங்கும் போகிற வேலை இல்லாமலே நான் என் கடையைச் சாத்திவிட்டு நிறுத்தத்தில் ஏறினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எதுவரைக்கும்?"

"கடைசி நிறுத்தம்" என்றேன்.