செவிலி எயினியின் கண்களைக் காக்க விடுத்த ஓலை

அருவி வற்றாத நீர்மலை நாட்டை ஆளும் வேந்தர் பெருந்திறலர் திருவாணைப்படி, முதலமைச்சர் கீரங்காடனார், எல்லைக் கோட்டைத் தலைவர் ஏறன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது மதில் உறுதி பெறுக; உமது வீரர் நலமே வீடு திரும்புக. இதைப் படித்து முடிக்கும்வரை, உமது சிறையிலிருக்கும் செவிலி எயினியின்மேல் எவர் கையும் படலாகாது.

இளவரசி வெண்ணியாருக்கு ஒரு கண் பார்வை போனதும், இவ்வோலை விடுக்கும் அமைச்சரின் ஐயம் எயினிமேல்தான் விழுந்தது. பகைநாடாயிருந்த கொல்லங்குன்றத்தில் பிறந்தவள், நாள்தோறும் குழந்தைக்கு மை தீட்டியவள், வேறென்ன வேண்டும்? மையில் நஞ்சென்று முடிவு கட்டி, அவள் இரு கண்களையும் பறிக்க ஆணையிட்டவர் அமைச்சரே. அதே மையைத்தான் தானும் இட்டுக்கொள்வதாக அவள் கதறியபோது, நடிக்கிறாள் என்று தள்ளினார்.

அரண்மனை மருத்துவர் தாமனார் இதை ஏற்கவில்லை. நாய்க்கொட்டில் காவலனின் மகளுக்கும் அதே கண்நோய் கண்டிருப்பதையும், அச்சிறுமி எயினியின் மையைக் கண்டதே இல்லை என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இரு குழந்தைகளும் கொஞ்சிய நாய்க்குட்டிகள் நூல்நூலாய்ப் புழு கக்கின. அவற்றின் மலத்தோடு புழுமுட்டை மண்ணில் கலந்து முதிரும். அம்மண் வாய்க்குள் போனால் முட்டை வயிற்றில் பொரிந்து, குஞ்சுப்புழு உடலெங்கும் அலைந்து, சிலருக்குக் கண்ணிலும் தங்கிவிடும் என்றார்.

அமைச்சர் அவரையும் ஐயுற்றார். பிறகு, குட்டிகளை உடன்படிக்கைப் பரிசாகத் தந்ததே கொல்லங்குன்றத்தார் என்பது நினைவுக்கு வர, படை திரட்டவும் துணிந்தார். மருத்துவர் சினந்து, நம் கொட்டிலிலேயே பிறந்த குட்டி ஒன்றுக்கு அமைச்சர் கண்முன் மருந்து புகட்டினார். அதன் வயிற்றிலிருந்தும் அதே புழுக்கள் விழுந்தன. வெட்கம் அமைச்சரைப் பிடுங்கித் தின்றது.

இளவரசியின் வாய்க்கு மண் போன வழியை நீரும் அறிவீர். நாட்டின் சுவை நாவில் தங்கவேண்டுமென்று, பட்டத்துக்குரிய குழந்தைக்கு நாள்தோறும் விடியலில் அரண்மனை முற்றத்து மண்ணில் ஒரு சிட்டிகை ஊட்டுவது நம் குலவழக்கம். குட்டிகள் ஓடித் திரிந்ததும் அதே முற்றத்தில்தான். அவ்வழக்கம் இன்றோடு நின்றது. குட்டிகளைக் கொல்லாமல் புழுமருந்து கொடுக்கவும், மலத்தை அன்றன்றே அள்ளி ஆழக் குழியில் புதைக்கவும், குழந்தைகள் கைகழுவியே உண்ணவும் ஆணை.

எயினியைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புக. வெண்ணியார் அவள் கையாலன்றி உண்ண மறுக்கிறார்.

அப்படியானால் குற்றவாளி யாரென்று வேந்தர் வினவினார். இத்தனை நாள் எல்லோரையும் ஐயுற்ற அமைச்சர் முற்றத்து மண்ணைச் சுட்டினார். மகளுக்கு அம்மண்ணைக் கிள்ளி ஊட்டிவந்த தம் வலக்கை விரல்களை வேந்தர் வெகுநேரம் பார்த்திருந்தார்.

இவ்வாணை மலையினும் நிலைபெறுக. ஓலையின் முத்திரை கோணியிருப்பது கண்டு போலியென்று ஐயுற்றுக் காலம் தாழ்த்தாதீர். வேந்தர் அதை இடக்கையால் பதித்தார்.