என் சாவியால் அழிந்த டிக்கெட் தொகுப்பு குறித்து

அனுப்புநர்
மூத்த நிரலாளர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
கணினிப் பிரிவு,
நகரப் பேருந்துக் கழகம்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
நகரப் பேருந்துக் கழகம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: டிக்கெட் மென்பொருளின் கட்டணத் தொகுப்பை நான் வேண்டுமென்றே அழித்ததாகக் கூறும் விசாரணை முடிவை மறுபரிசீலிக்கவும், கிளவுட் பணியிடங்களுக்குத் தனித்தனிச் சாவி வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேறுகால விடுப்பு கேட்டதைத் தவிர தங்கள் அலுவலகத்துக்கு நான் எதற்கும் எழுதியதில்லை. இப்போதும் கை கூசியபடியேதான் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவில் நிரல் எழுதும் வேலை மேசைக் கணினியில் நடப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் கிளவுடில், அதாவது இணையம் வழியே இயங்கும் தொலைக் கணினியில், ஒரு பணியிடம் உண்டு. காலையில் திறந்தால் அது துடைத்துவிட்ட பலகை போல வெறுமையாக வரும். கழகத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ஆயத்தத் தொகுப்புகளை இறக்கிக்கொண்ட பிறகே வேலை தொடங்கும். களஞ்சியத்துக்குள் நுழைய டோக்கன் என்னும் ரகசியச் சாவி வேண்டும். களஞ்சியத்தைப் பராமரிப்பவள் நான் என்பதால், என் சாவிக்கு மட்டும் எடுக்கவும் வைக்கவும் அழிக்கவும் அனுமதி இருந்தது.

பணியிடம் மூடப்படும்போதெல்லாம் அவரவர் சாவியும் அழிந்துபோகும். புதுச் சாவி கேட்டுத் தினமும் காலையில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இதைப் பார்த்த பிரிவு மேலாளர், “எல்லாருக்கும் தனித்தனியா குடுத்துக்கிட்டிருந்தா வேலை நகராதும்மா. உன்னோடதையே பொது டெம்ப்ளேட்ல போட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். இது ஆபத்து என்று ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லவில்லை. உத்தரவை எழுத்தில் கேட்கவும் துணிவு வரவில்லை. எல்லாப் பணியிடங்களும் அந்த டெம்ப்ளேட் என்னும் ஒரே அச்சிலிருந்துதான் உருவாகும். அன்று முதல், யார் எந்தப் பணியிடத்தைத் திறந்தாலும் களஞ்சியத்தின் கண்ணுக்கு அது நான்தான். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை.

சென்ற மாதம் ஒரு காலையில், பயணக் கட்டணத்தைக் கணக்கிடும் தொகுப்பு களஞ்சியத்தில் இல்லை. அது இல்லாததால் பணிமனைகளில் டிக்கெட் மெஷின்கள் திறக்கவில்லை. நடத்துநர்கள் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பயணிகளிடம் வாங்கிய ஏச்சு தாங்கள் அறிந்ததே. காப்பு நகலிலிருந்து தொகுப்பை மீட்டு, மதியத்துக்குள் மெஷின்களை ஓடவைத்தவள் நான். அதுவே எனக்கு எதிரான சாட்சியாயிற்று. விசாரணைக் குழுவில் ஒருவர், “காப்பு நகல் எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சது?” என்று கேட்டார். அழித்தவர் யார் என்று களஞ்சியம் வைத்திருந்த பதிவிலும் என் பெயரே இருந்தது. பிரிவு மேலாளர் மேசையைப் பார்த்தபடியே, “டெம்ப்ளேட் விவரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்றார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் மீது புகார் செய்வது என் நோக்கமன்று.

விசாரணை முடிந்து என்னைப் பணிநீக்கம் செய்த அன்று மாலை, வரவேற்பறையில் என் பையைச் சோதிக்க உத்தரவாயிற்று. வேலை முடிந்து எல்லோரும் லிஃப்டுக்கு நிற்கும் நேரம். நான் தினமும் அண்ணே என்று கூப்பிடும் காவலர் பைக்குள் கைவிட மனமின்றி, “நீங்களே எடுத்து வெச்சிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டு டப்பா, மாமனாரின் மூட்டுவலி மாத்திரை, பெண்கள் காகிதத்தில் சுற்றி மறைத்து எடுத்துச் செல்பவை என எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். லிஃப்டு வரிசையில் என் ஓரகத்தியும் நின்றாள். என் கணவருடைய தம்பியின் மனைவியான அவளும் எங்கள் பிரிவில்தான் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறாள். ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போகவும் கூசினேன். சில நாள் கழித்து, சமையலறையில் காய் நறுக்கியபடி, என் சாவி எப்படி எல்லோருடைய பணியிடத்திலும் இருந்தது என்பதை ஓரகத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். “அக்கா, தொகுப்பு காணாமப் போனதுக்கு முந்தின நாள் பழசையெல்லாம் சுத்தம் பண்றேன்னு அழிச்சது நான்தான். எனக்கு அனுமதி இல்லாதது அழியாதுன்னு நெனச்சேன்” என்றாள். அவள் நினைத்தது நியாயமே. தன் சொந்தச் சாவியாக இருந்திருந்தால் களஞ்சியம் மறுத்திருக்கும்.

ஐயா, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. தப்பித்தேன் என்று மனம் துள்ளியது. எதிரே அவள் என் முகத்தையே பார்த்து நின்றாள். பை சோதனையில் பட்ட வெட்கத்தைவிட இந்த வெட்கம் பெரிது. “வெளிய சொல்லாத. ஒரு வீட்ல ஒருத்தி மானம் போனது போதும்” என்றேன். அவள், “அப்போ நான் எப்படிக்கா உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறது?” என்று கேட்டாள். இரண்டு நாள் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கே எடுத்துப் போனாள். அதன் பின்னரே இம்மனுவை எழுத உட்கார்ந்தோம்.

எனவே, ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை என் கோப்பிலிருந்து நீக்கவும், என்னை மீண்டும் பணியில் சேர்க்கவும் பணிந்து கேட்கிறேன். என் சாவி இன்னும் டெம்ப்ளேட்டில்தான் இருக்கிறது. அதை இன்றே செல்லாததாக்கி, ஒவ்வொரு பணியிடமும் திறக்கும்போதே அவரவர் பெயரில், எடுக்க மட்டும் அனுமதியுள்ள சாவி தானாகக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஓரகத்தியின் பிழை அறியாமல் நேர்ந்தது. அவள் வேலைக்கு ஊறு வராமல் காக்குமாறும் வேண்டுகிறேன். ஆபத்து என்று தெரிந்தும் சாவியைக் கொடுத்தவள் நான். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மூத்த நிரலாளர்

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: ஜூன் 9

மேலே கண்டவை உண்மை. தொகுப்பை அழித்தவள் நான். அக்காவின் பை சோதிக்கப்பட்டதுபோல் என் பையும் சோதிக்கப்பட வேண்டுமென்றால், அதே மேசையில், அதே நேரத்தில் வந்து நிற்கிறேன்.
(கையொப்பம்)
இளநிலை நிரலாளர், தகுதிகாண் பருவம்