அந்தரத்தில் நின்ற விரல்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாவது விண்ணப்பமும் போயிற்று. மூன்று நாடு, ஏழு பல்கலைக்கழகம், ஒரே ஆய்வுத் திட்டம். முகவரியை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவதில் நான்காவது பல்கலைக்கழகத்தின் பெயரையே விட்டுவைத்தது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. சரி, ஆறு விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம்.

மருந்துக்கடை வேலை முடிந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "டாக்டர் பட்டம்தான் வாங்கியாச்சே. அதுக்கு மேல என்னடி படிப்பு?"

படிப்பில்லை, வேலை, போஸ்ட்டாக் என்று பெயர், வெளிநாட்டு ஆய்வகத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி என்றேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"இன்னொரு போஸ்ட்டாக் தேடணும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் என்ன சொல்வார்? "நான் ஓட்டுன பஸ்ஸுக்காவது கடைசி ஸ்டாப்புன்னு ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

மார்ச் 6, வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்! தலைகால் புரியவில்லை. இருபதாம் தேதி மாலை நான்கு மணிக்கு வீடியோவில் நேர்காணல். அதுவும் எது? பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்த ஆய்வகம்.

அவர்களுக்குப் பிடித்தது என் கட்டுரையில் வரும் விரல். நான் செய்த பின்னக் கணக்கு மென்பொருளில், கேள்விக்குக் கீழே ஒரு பட்டை மெல்ல நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தப்பான விடையைத் தொடப்போகும் குழந்தையின் விரல், தொடுவதற்கு முன் அந்தரத்தில் நின்று, பின்வாங்கி, சரியான விடைக்குப் போகும். பட்டை குழந்தையை நிதானிக்க வைக்கிறது, நிதானித்தால் குழந்தை தானே திருத்திக்கொள்கிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு, என் முனைவர் பட்டம், என் மொத்தச் சொத்து.

ஒரே ஒரு கோரிக்கை. என் பழைய பதிவுகளில் மேலேயிருந்து எடுத்த கைகள் மட்டுமே தெரிகின்றன. குழந்தையின் முகமும் தெரிவதுபோல் புதிதாக ஒரு வீடியோ வேண்டுமாம். அதற்கென்ன, எடுத்தால் போயிற்று.

இந்தச் சந்தோஷத்தில் அப்பாவோடு புளுகாட்டம் ஆடினேன். சீட்டைக் கவிழ்த்து வைத்து "ரெண்டு ராணி" என்று சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் எதிராளி "பொய்" என்பார். ஏழு வயதிலிருந்து ஆடுகிறேன். வழக்கம்போல் தோற்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளி நூலக அறையில் இரண்டு கேமரா வைத்துப் பதிவு செய்தேன். ஒன்று மேலே, ஒன்று எதிரே. உட்கார்ந்தவள் வக்கீல். ஒன்பது வயது, எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் வகுப்பே வைத்த பெயர்.

"கால் பெருசா, அரைக்கால் பெருசான்னு கேக்குறீங்களே மிஸ், எதோட கால்னு சொல்லவே இல்லையே?"

நியாயமான கேள்வி. நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் விரல் அழகாக அந்தரத்தில் நின்றது, ஏழு முறை! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தேன்.

மார்ச் 12, புதன்

ஐயோ.

எதிர்க் கேமராவில் நானும் விழுந்திருக்கிறேன். வக்கீல் பக்கத்தில், நல்ல பிள்ளையாக, கையில் நோட்டோடு. வக்கீலின் விரல் தப்பான விடைக்குப் போகிறது. அவள் பட்டையைப் பார்க்கவே இல்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறாள். நான் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுகிறேன். விரல் நிற்கிறது.

மறுபடி ஓட்டினேன். தள்ளுறேன், நிக்குது. தள்ளுறேன், நிக்குது. ஏழு தடவையும்! எனக்குத் தெரியவே தெரியாதே. நான் எங்க தள்ளினேன்? எப்பத் தள்ளினேன்?

மார்ச் 13, வியாழன்

இடைவேளையில் வக்கீலைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் தெரியுமே மிஸ். நீங்க கண்ணாடியத் தள்ளுனா தப்புன்னு அர்த்தம். வெளிய வர்றவங்க உள்ள போறவங்களுக்குச் சொல்லிடுவாங்க."

"ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

"நீங்க தெரியாம உதவி பண்றீங்கன்னு நெனச்சோம். சத்தமா நன்றி சொன்னா மாட்டிக்குவீங்கல்ல?"

என் ஆய்வில் உட்கார்ந்த இருபத்து நான்கு குழந்தைகளும் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோபப்படக்கூட வழியில்லை.

பழைய பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். கைகள் மட்டும்தானே தெரியும், தப்பித்தோம் என்று பார்த்தால், மேசை ஓரத்தில் என் முழங்கை. கண்ணாடியைத் தள்ளும்போதெல்லாம் அது மேசையை விட்டு எழும்புகிறது. விரல் நின்றது மொத்தம் நாற்பத்தொரு முறை. அதற்குச் சற்று முன் முழங்கை எழும்பியது முப்பத்து மூன்று முறை.

என் மென்பொருள் ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடிக்கடைக்காரர்தான் செய்திருக்கிறார்.

மார்ச் 15, சனி

வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். எனக்காகத்தான் யோசித்தார். "இருபதாம் தேதி வரைக்கும் பொறு. வேலை கையில வரட்டும், அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் எழுதலாம். பழைய வீடியோவிலேயே நல்லதா ஒண்ணு வெட்டி அனுப்பும்மா. முழங்கைய யார் பார்க்கப்போறா?"

உண்மைதான், யாரும் பார்க்கப்போவதில்லை. பாதி வழி வரை அதையே செய்வதாக இருந்தேன். பிறகு ஒரு காட்சி வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ என் கட்டுரையை நம்பி, அந்தப் பட்டையை ஆயிரம் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆயிரம் வக்கீல்கள் விரலை நீட்டிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். பக்கத்தில் யாருமில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அவருக்கு வந்ததோ சிரிப்பு.

"இப்பத்தான் தெரியுமா உனக்கு? இருபத்தஞ்சு வருஷமா அதப் பார்த்துத்தானே உன்ன ஜெயிக்கிறேன்."

"ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா எப்படி ஜெயிக்கிறது?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இருபதாம் தேதி சொல்லிவிடப் போகிறேன்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

திரையில் மூன்று பேர். ஆய்வகத் தலைவி, அவருடைய துணைப் பேராசிரியர், ஓரத்தில் பக்கத்துத் துறைக்காரர் ஒருவர். அவர் பெரிய கோப்பையில் காபி குடித்துக்கொண்டே இருந்தார். வக்கீலின் வீடியோவை ஓட்டினேன். பட்டையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் என் கையைக் காட்டினேன். நாற்பத்தொன்று, முப்பத்து மூன்று. இதழாசிரியருக்குத் திருத்தக் கடிதம் நேற்றே போய்விட்டது என்றேன்.

ஆய்வகத் தலைவி எதையோ எழுதினார். துணைப் பேராசிரியர் எதையும் எழுதவில்லை. காபிக்காரர்தான் கோப்பையைக் கீழே வைத்தார். "மீதி எட்டு முறை?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அந்த எட்டு உண்மையாக இருக்கலாம். இல்லாவிட்டால் நான் வேறு ஏதாவது செய்திருக்கலாம், பெருமூச்சு விட்டிருக்கலாம். "இந்த நேர்காணலில் இதுவரை கண்ணாடியைப் பதினோரு முறை தள்ளியிருக்கிறீர்கள்" என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்புமில்லை.

கதவைத் திறந்தால் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?" "நன்றின்னாங்க." "அது நல்லதா கெட்டதா?" எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இல்லையாம். மூன்று வரி, அதில் ஒன்று வாழ்த்து.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மா ஒரு மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன், வைட்டமின். மருந்துக்கடைக்காரியின் ஆறுதல் இப்படித்தான் வரும்.

ஏப்ரல் 16, புதன்

காபிக்காரரிடமிருந்து கடிதம். நாலு முறை படித்துவிட்டேன்.

"உங்கள் நேர்காணலுக்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தின் எட்டு வருடப் பதிவுகளை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். இன்னொருவர் பேனாவின் பொத்தானை அழுத்துகிறார், அது நான். திரைக்கும் குழந்தைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றி இங்கே யாரும் ஆராய்ந்ததில்லை. இரண்டு வருடப் பணி ஒன்று இருக்கிறது. உங்கள் கண்ணாடியோடு வர முடியுமா?"

அம்மா முதலில் கட்டிக்கொண்டாள், அப்புறம்தான் எந்த நாடு என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். வக்கீலுக்குச் சொன்னதும், "அப்போ எங்களாலதானே கிடைச்சுது?" என்றாள். தீர்ப்பு அவள் பக்கம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

நாளை மறுநாள் விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மா அதைப் பிரித்து மறுபடி கட்டியுமாகிவிட்டது.

மாலையில் அப்பாவோடு கடைசியாக ஒரு ஆட்டம். இந்தத் தடவை சீட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். உண்மையிலேயே மூன்று ராஜா வைத்துவிட்டு, வேண்டுமென்றே கண்ணாடியைத் தள்ளினேன். "பொய்!" என்று பாய்ந்தார். சீட்டைப் புரட்டியதும் வசமாக மாட்டினார். அதோடு இன்னொன்றும் கிடைத்தது. அப்பா புளுகும்போது இடது காது மடலைத் தேய்க்கிறார். நான்கு முறை பிடித்தேன், நான்கும் சரி. வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயித்தேன்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"சொன்னா எப்படிப்பா ஜெயிக்கிறது?"

சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டார். "சந்தோஷமா போய்ட்டு வா. எனக்கென்ன, டிவி ரிமோட்டாவது என் கைக்கு வரும்" என்றார், காது மடலைத் தேய்த்துக்கொண்டே.

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. மூன்றாம் மாடி அறை; ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடம். யாருடையதோ தெரியாது, ஒரு சிவப்புச் சைக்கிள் மட்டும் தினமும் கீழே விழுந்து கிடக்கிறது. நாளை முதல் பதிவு. குழந்தைக்கு ஒரு கேமரா, பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு கேமரா. இது நான் வைத்த விதி. காபிக்காரர் பேனாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். திரை முழுக்க அப்பாவின் நெற்றியும் மூக்கும்.

"இங்க எல்லாம் சௌகரியம். நீ இல்லாததே தெரியல" என்றார்.

"அப்பா, போனக் கொஞ்சம் பின்னால கொண்டுபோங்க."

"ஏன், நல்லாத்தானே தெரியுது?"

அம்மா போனைப் பிடுங்கித் தள்ளிப் பிடித்தாள். அப்பாவின் இடது கை காதில்தான் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "எனக்கும் இங்க ஒரு குறையும் இல்லப்பா. வீட்டு ஞாபகமே வரல" என்றேன்.

அப்பா முன்னால் குனிந்து பார்த்தார்.

"கைய இறக்கு" என்றார். "பொய்."