மீன் காயும் கொசுவலை

அவினோ அப்பா,

காலையில் கிளினிக்கில் சோதித்தார்கள். இருக்க வேண்டியதில் பாதி ரத்தம்தான் இருக்கிறதாம், வயிற்றுப் பிள்ளைக்கும் போதாதாம். உங்கள் தங்கை என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். உகாலிக் களி சட்டியில் இருக்கிறது, அவினோவுக்கு ஊட்டுங்கள்.

"மாசமா இருக்கறவ மண்ணத் தின்னா ரத்தம் வத்தாம என்ன செய்யும்?" என்று நேற்றுக் கத்தினீர்களே. நர்ஸ் சொன்னது வேறு. "மண்ணு இல்லம்மா, மலேரியா. அதுதான் ரத்தத்த அழிக்குது. கொசுவலை குடுத்தோமே, எங்க?"

கிழிந்துவிட்டது என்றேன். ஏரிக்கரையில் அதை விரித்து நீங்கள் மீன் காயவைப்பதைச் சொல்லவில்லை.

ரத்தம் ஏற்றினால் பதிலுக்கு வீட்டு ஆள் ஒருவர் கொடுக்க வேண்டுமாம். வந்துவிடுங்கள்.

அபோண்டி

பி.கு.: மீனை அள்ளிவிட்டு வலையைக் கழுவி எடுத்து வாருங்கள். நாற்றம் இருந்தால் இருக்கட்டும். கிழிந்தது என்று சொன்னதுதான் உங்கள் மானத்துக்காக நான் சொன்ன கடைசிப் பொய்.