கல்லைக் கரைக்குமா பார்லி?

அன்புள்ள அப்பா,

வணக்கம். இடுப்பு வலி தேவலையா? பெங்களூரில் நான் சுகம். போனில் அம்மா பக்கத்திலேயே நிற்பதால் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

நேற்று எங்கள் ஆலையைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் ஸ்கேனைக் காட்டி, “கிட்னில கல்லும்மா, எந்த பீர் கரைக்கும்?” என்றார்.

“எதுவும் கரைக்காது சார், தண்ணி குடிங்க.”

“பார்லிதானே? உனக்குத் தெரியலம்மா.”

கூட வந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம். படித்த எனக்கே குழப்பம்.

அதைவிடக் குழப்பம், ஞாயிற்றுக்கிழமை போனில், அம்மா நகர்ந்த நேரம், நீங்கள் ரகசியமாக, “உங்க பீரு கல்லைக் கரைக்குமாமே?” என்று கேட்டதுதான். வீட்டில் பார்லி கம்பெனி என்றுதானே சொல்லியிருந்தேன்? கரைக்காது அப்பா, டாக்டரைப் பாருங்கள்.

தொட்டி தொட்டியாக பீரைப் புளிக்க வைக்கிறேன். அறையில் இட்லி மாவு மட்டும் புளிப்பதில்லை. அம்மாவிடம் பக்குவம் கேட்டு எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

பீர் கம்பெனி என்று அம்மாவுக்கும் தெரியுமா?

கிருத்திகா