கோணலாக வெட்டிய முன்முடி

அன்பு மகளுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தன் தம்பியின் பெருமை பேசும்போது மட்டும் துள்ளி எழுந்து நிற்கிறாள். மாடிக் குழாய் பழையபடி ஒழுகுகிறது, உன் அண்ணன் வந்து பார்க்கிறேன் வந்து பார்க்கிறேன் என்கிறான், அவன் வருவதற்குள் மாடியே ஒழுகிப் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியை விடுமுறைக்கு அந்தத் தம்பி, உன் சின்ன மாமா, வீட்டில் தங்கவைத்து, அவன் ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள அனுப்பப் போகிறாயாம், டிக்கெட்டும் போட்டாகிவிட்டதாம், அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பதினான்கு வயதுப் பெண்ணை அந்த மனுஷனிடம். உன் புத்திசாலித்தனத்தை மெச்சுகிறேன். உனக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கிறது, எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் என் பதவி உயர்வில் மண்ணை அள்ளிப் போட்ட அந்த வழுக்கைக் கணக்கனின் மகள், உன் வயதுக்காரி, உனக்குப் பதினாறு நடக்கும்போது நம் கூடத்தில் வந்து நின்றாளே. ஸ்டூடியோவில் படம் கழுவும் இருட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உன் மாமா தன்னை என்ன செய்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாளே. உன்னைக் காட்டி, "இவதான் என்னை அங்க வரச் சொன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கலாம்னு. நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வரேன்னா" என்றாள். நீ அவளை நேருக்கு நேர் பார்த்து, "இவ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாய். அவ்வளவுதான், மாமா உத்தமனாகிவிட்டான். "வேணும்னே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்று உன் பெரியம்மா தீர்ப்பு எழுதினாள். உன் அம்மா ஓடிப்போய்த் தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், பாவம், அவனுக்கு வேர்த்துவிட்டதாம். நின்றுகொண்டிருந்தவளை உட்கார் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் இல்லை.

காலமெல்லாம் வரைபடத்தில் கோடு போட்டுப் பிழைத்தவன் நான், கோணல் என் கண்ணுக்குத் தப்பாது. அவள் முன்முடி நெற்றியில் ஒரு பக்கம் ஏறிக் கிடந்தது, நீயே வெட்டிக்கொண்ட உன் முன்முடியும் அச்சாக அப்படித்தான். இடக்கையால் கத்தரிக்கோல் பிடிப்பவள் நீ. "தெரியாதுன்னா, அவளுக்கு முடி வெட்டிவிட்டது யாரு?" என்று கேட்டேன். "அந்தக் கணக்கன் வீட்டுக்கா வக்காலத்து வாங்குறீங்க? வெட்கமா இல்ல?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள், நீ அழுதுகொண்டே உள்ளே ஓடினாய், கேள்வி அங்கேயே செத்தது. அந்தக் கணக்கனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப் போவதில்லை, அது வேறு. அவன் மகள் பொய் சொல்லவில்லை.

அவள் இப்போது தெருமுனை மருந்துக்கடையில் இருக்கிறாள். என் பிரஷர் மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கும்போதெல்லாம் "அவ நல்லா இருக்காளா அங்கிள்?" என்று கேட்பாள். உன்னைப் போய் விசாரிக்கிறாள் பார். போன வாரம் பேத்தி வருகிறாள் என்று சொன்னேன். கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "எங்க தங்கப் போறா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. மாத்திரைக்குக் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேத்தி வரட்டும், நம் வீட்டில் தங்கட்டும். உன் மாமா இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து பாத்திரங்கள்தான் என்னோடு பேசுகின்றன, அவள் பேசுவதில்லை. நீ பிடிவாதம் பிடித்தாலும் விமான நிலையத்தில் நான் நிற்பேன், பிள்ளையை நேராக இங்கே கூட்டிவந்துவிடுவேன். ஆகவே அதற்கு உன் தயவு தேவையில்லை. உன்னால் ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. மருந்துக்கடை போன் நம்பரைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கூப்பிட்டு, அவளைத் தெரியும் என்று அவளிடமே சொல்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, யோசித்துத்தான் எழுதுகிறேன். குளிர் காலத்தில் காதை மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது ஆகாது.

அடியில் 'அப்பா' என்று எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். கணக்கன் வீட்டோடு பேச்சு வைத்தால் காலை ஒடிப்பேன் என்று நான் சொல்லி வைத்திருந்ததற்குப் பயந்துதான் அன்று அவளைத் தெரியாது என்றாய். அந்த ஒரு சொல்லைக் கண்டால் இப்போதும் பயந்துபோய்த்தான் அவளைக் கூப்பிடுவாய். அந்தப் பயத்தின் பிச்சை அவளுக்கு வேண்டாம். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.